எந்தத் தெருவோடு இணைப்பது?

வெளிமாநிலக் குடும்பங்களை உள்ளூரோடு ‘இணைத்து வைக்கிறோம்’ என்று சொல்லிச் சின்னச் சின்ன உதவிக் குழுக்கள் நிறைய கிளம்பியிருக்கின்றன. கம்பளி, நோட்டுப் புத்தகம், மருத்துவ முகாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளூர் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? நம்ம நாட்டில் உள்ளூர் என்று ஒன்று ஏது? ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. வந்தவரை எந்தத் தெருவோடு இணைக்கப் போகிறீர்கள்?

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து வருஷா வருஷம் குடும்பங்கள் வருகின்றன. ஆவணியில் நுவாக்காய் என்கிற புதுநெல் பண்டிகையை ஒட்டி அங்கே தரகன் முன்பணத்தோடு வந்து நிற்பான். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒரு கணக்கு. அதற்குப் ‘பதுரியா’ என்று பெயர். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கணக்கில் பிள்ளை எதற்கு? காயாத கல்லின் மேல் பெரிய ஆள் கால் வைத்தால் நசுங்கிப்போகும், பிள்ளை நடந்தால் நசுங்காது. வரிசை வரிசையாகக் கல்லைத் திருப்பிப்போட அந்த எடைதான் தேவை. இந்தக் குழந்தைக்குத்தான் நாம் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம்.

இவர்களை நம்ம ஆட்கள் ‘இந்திக்காரன்’ என்கிறார்கள். பேசுவது இந்தியே இல்லை, சம்பல்புரி. அது போகட்டும். யார் இவர்கள்? நிறைய பேர் பழங்குடிகள், நிறைய பேர் காண்டா போன்ற பட்டியல் சாதியினர். நெசவும் மேளமும் அவர்கள் மேல் சுமத்தப்பட்ட தொழில். கல்யாணத்துக்கும் சாமிக்கும் அடிக்க வேண்டும், தள்ளி நின்று அடிக்க வேண்டும். நமக்குத் தெரியாத கதையா?

ரயில் எல்லையைத் தாண்டும்போது சாதி கழன்று விழுவதில்லை, சான்றிதழ்தான் விழுகிறது. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவுப்படி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னது, 2018இல் மறுபடியும் உறுதி செய்தது. இங்கேயே வளர்ந்து இங்கேயே தமிழ் படிக்கும் பிள்ளைக்கும் அதுதான் கதி. இதை மாற்று என்று கேட்க நமக்கே தயக்கம். நம்ம பங்கு குறைந்துவிடுமே என்கிற பயம். பயத்துக்கு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதவிக் குழுக்கள் ‘நாங்கள் சாதி கேட்பதில்லை’ என்று பெருமையடிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. நீங்கள் கேட்காவிட்டால் என்ன, வீட்டுக்காரன் கேட்கிறானே!

எங்கள் காலனியிலும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். தடுப்பூசிக்கு அழைத்துப் போவது, ரேஷன் வாங்கித் தருவது, சாயங்கால வகுப்பு. எந்த மாநிலத்துக் கார்டுக்கும் எங்கேயும் அரிசி வாங்கலாம் என்பது 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் உண்டு. கடைக்காரருக்கு அது தெரியும், சூளையில் கல் அறுக்கிறவருக்குத் தெரியாது. சூளையை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துக்கு ஊரில் வீடு கேட்டோம். கிடைக்கவில்லை. காலனியில் கிடைத்தது.

காலனிக்குள்ளும் முணுமுணுப்பு உண்டு. “இவனுங்க வந்துதான் நம்ம கூலி போச்சு.” முதலாளி ஏன் அத்தனை தூரம் போய் ஆள் பிடிக்கிறான்? முன்பணத்தில் கட்டுப்பட்டவன், பாஷை தெரியாதவன், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாதவன் வேண்டும் அவனுக்கு. இதே முன்பணத்தில்தான் இதே மாவட்டத்து இருளர்களையும் சூளையிலும் அரிசி ஆலையிலும் கட்டிப்போட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. நம்ம பாட்டன்கள் கோலார் தங்கவயலுக்கும் தாராவிக்கும் போனவர்கள். 1966இல் சிவசேனா கிளம்பி ‘மதராசிகளே வெளியேறுங்கள்’ என்று விரட்டியபோது அடிபட்டதில் நம்ம குடிசைகளும் உண்டு.

குழுவுக்குள் இப்போது ஒரு சண்டை. சூளைக்குள் போய் வகுப்பெடுக்க முதலாளியின் அனுமதி வேண்டும். முன்பணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது எழுதாத நிபந்தனை. நான் பேசியாக வேண்டும் என்றேன். வகுப்பெடுக்கும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “நீ பேசிட்டுப் போயிடுவப்பா. கேட்ட சாத்திட்டா புள்ளைங்க மறுபடியும் கல்லுதான் திருப்பும்.” இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் முதலாளி அனுமதித்த அளவுக்குத்தான் இணைப்பு என்றால் அது முதலாளிக்குச் செய்யும் உதவி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

போன ஏப்ரல் 14 ராத்திரி காலனியில் அண்ணல் பிறந்தநாள். சூளையிலிருந்து நாலு குடும்பம் வந்திருந்தது. நம்ம பசங்க பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது அதில் ஒருவர் கை நீட்டி வாங்கிப் பார்த்தார். குச்சியை வேறு மாதிரிப் பிடித்தார், அடி வேறு மாதிரி விழுந்தது. பசங்க நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு அவரோடு சேர்ந்து அடித்தார்கள். விடியற்காலையிலேயே மேஸ்திரி வந்துவிட்டான். “இவங்கள யாரக் கேட்டு வெளிய கூட்டிட்டு வந்தீங்க?”

கேட் சாத்தப்பட்டது. இந்த வருஷம் வகுப்பு சூளைக்குள் இல்லை, காலனி மண்டபத்தில்தான். பாதிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். இரண்டு குடும்பங்களின் முன்பணக் கணக்கை எழுதி மனுவாகக் கொடுத்திருக்கிறோம். அக்கா கையெழுத்துப் போட்டார். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.