வீட்டுக்கு விலை எழுதும் பேனா யார் கையில்?

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன்பிறகு டீக்கடையில் கூட மனை விலைதான் பேச்சு. ஆனால் மழையில் உங்கள் வீட்டுச் சுவர் விழுந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அந்தத் தொகையைச் சந்தை தீர்மானிப்பதில்லை. ஒரு காகிதம் தீர்மானிக்கிறது. அதை யார் எழுதுகிறார்கள் என்பது சாதி ஒழிப்பு பேசும் நம் எல்லோருக்குமான கேள்வி.

முதலில் அரசு நிவாரணத்தைப் பார்ப்போம். 2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிதி விதிகளின்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். 'குடிசை' என்று எழுதிவிட்டால் 8,000 ரூபாய். அதே புயல், அதே இரவு. ஒரு சொல் மாறினால் 15 மடங்கு வித்தியாசம்! இடிந்தது அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்ற சான்றும் வேண்டும். பட்டாவுக்கு மனு போட்டுவிட்டுப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் காலனிக்காரர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? 2004 சுனாமியின்போதும் இதுதான் நடந்தது. படகை இழந்தவர் பட்டியலில் வந்தார். கூலியை இழந்த தலித் தொழிலாளர்கள் பல ஊர்களில் விடுபட்டார்கள்.

"காப்பீடு எடுத்திருக்கலாமே" என்பார்கள். 2015 சென்னை வெள்ளத்தின் மொத்த இழப்பு குறைந்தது 220 கோடி டாலர், அதில் காப்பீடு ஈடுகட்டியது சுமார் 75 கோடி டாலர் என்று சுவிஸ் ரீ நிறுவனம் கணக்கிட்டது. மீதியை மக்கள்தான் சுமந்தார்கள். காப்பீடு எடுத்தவர்களுக்கும் சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்கு போடுவோம். வீட்டைத் திரும்பக் கட்ட 10 லட்சம் ஆகும். கடன் கொடுத்த நிறுவனம் தன் பாக்கியான 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்து வைத்திருக்கிறது. சேதம் 2 லட்சம். 'சராசரி விதி' இருக்கும் பாலிசியில், பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு என்று சொல்லி 1 லட்சம்தான் தருவார்கள். அதுவும் முதலில் கடன் கணக்குக்கே போகலாம்.

அடுத்து வருபவர் சர்வேயர். இவர் நிலம் அளப்பவர் அல்லர், சேதத்துக்கு விலை போடுபவர். நம் வீடுகள் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. சீட்டு எடுத்த வருடம் ஒரு அறை, நகையை அடகு வைத்த வருடம் மேல்தளம். கொத்தனார் பில் தருவதில்லை. பில் இல்லாததைச் சர்வேயர் குறைக்கிறார், தேய்மானம் என்று இன்னும் கழிக்கிறார். இப்படித்தான் இருபது வருட உழைப்பு ஒரு பக்க அறிக்கையில் சுருங்குகிறது.

ஆனால் அந்த அறிக்கை வேதவாக்கு அல்ல. சர்வேயர் அறிக்கை இறுதி முடிவல்ல, அது காப்பீட்டு நிறுவனத்தையோ பாலிசிதாரரையோ கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், அது மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கப்பட்டது என்று நிரூபித்தால் மீதியைக் கேட்கலாம் என்பது 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். பரப்பளவையும் கட்டுமானச் செலவையும் வைத்துத் தொகை கணக்கிடப்படுகிறது. சராசரி விதி இதில் கிடையாது. ஆனால் தொகையே குறைவாக எழுதப்பட்டால் அதற்கு மேல் கிடைக்காது. அதனால் பாலிசியைப் படிக்க வைப்பதும் களப்பணிதான்.

வழக்காட வழியும் இருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவிடலாம். அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பட்டாபிராம்காரருக்கு அது திருவள்ளூர்.

"தனியார் காப்பீட்டுக்கு நாம் ஏன் ஆள் பிடிக்க வேண்டும், அரசைத்தானே கேட்க வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அரசைக் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. குடிசைக்கும் வீட்டுக்கும் உள்ள 15 மடங்கு வித்தியாசம் ஒழிய வேண்டும். பட்டாவைக் காட்டி நிவாரணத்தை மறுக்கக் கூடாது. காலனி வீடுகளுக்கான பிரீமியத்தை அரசே கட்ட வேண்டும். இந்தக் கோரிக்கைகள் வெல்லும்வரை, ஏற்கெனவே பணம் கட்டிய நம் மக்கள் ஏமாறுவதை வேடிக்கை பார்க்க முடியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் அளந்து எழுதுங்கள். சுவர், கூரை, தரை, பொருட்கள் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். வீட்டுவரி ரசீது, மின்கட்டண ரசீது, கொத்தனார் கையெழுத்திட்ட மதிப்பீடு மூன்றையும் சேர்த்து ஒரு கோப்பாக வையுங்கள். தாசில்தார் வந்தாலும் சர்வேயர் வந்தாலும், அவர்கள் எழுதும் முன்பே நம் கணக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஜெய்பீம்!