மீசையும் சந்தனக் கன்றும்

அக்கா மகன் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறான். படிக்கிறான் என்றால், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து நோட்டு நிறையத் துணுக்கு சேர்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை தக்காளி மண்டியிலிருந்து திரும்பும்போது என்னைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, அமெரிக்காவுல அல் கபோன்னு ஒரு ரவுடி. எந்தக் கேஸ்ல அவனை உள்ள தள்ளினாங்க, சொல்லுங்க பாப்போம்.”

“இன்கம் டாக்ஸ்.”

பையன் முகம் தொங்கிவிட்டது. கொலைக் கேஸ் என்று நான் சொல்வேன், திருத்தலாம் என்று காத்திருந்தான் போல. மனசு கேட்காமல் ஒரு டீ சொல்லிவிட்டு, நானும் நாலு துணுக்கு எடுத்து விட்டேன். கபோனின் விசிட்டிங் கார்டில் ‘பழைய மரச்சாமான் வியாபாரி’ என்று போட்டிருக்கும். பஞ்ச காலத்தில் சிகாகோவில் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி திறந்த புண்ணியவான் அவன். அல்கட்ராஸ் தீவுச் சிறையில் கைதிகளின் வாத்தியக் குழுவில் பாஞ்சோ வாசித்தான்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது அந்த வரிக் கேஸ்தான். தென் கரோலினாவில் சல்லிவன் என்று ஒரு கார் வியாபாரி, பக்கவாட்டில் கள்ளச்சாராயமும் விற்றுக்கொண்டிருந்தான். திருட்டு வருமானத்துக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது, காட்டினால் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்பது அவன் வாதம். நியாயமான கேள்விதான். அதெல்லாம் முடியாது, திருட்டுக் காசானாலும் வரி கட்டு என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வரி இலாகாக்காரர்கள் கபோனின் சூதாட்டக் கடை ரெய்டில் எப்போதோ அள்ளிவந்து மூலையில் போட்டிருந்த பேரேடுகளைத் தூசி தட்டினார்கள். கணக்கு எழுதியவன் யாரென்று கையெழுத்தை ஒப்பிட்டுத் தேடிப் பிடித்தார்கள். 1931 அக்டோபரில் பதினோரு வருஷம் தீட்டினார்கள். காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட 1929 சம்பவத்துக்குக் கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை.

ஆனால் கபோனைப் பெரிய ஆளாக்கியது எது? அதுவும் ஒரு சட்டம்தான். 1920 ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. 1933 டிசம்பர் வரை இருந்தது. குடிப்பவன் குடிப்பதை நிறுத்தவில்லை, விற்பவன்தான் மாறினான்.

இந்த இடத்தில் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. மருமகனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கிணற்று மேட்டில் வேலியோரம் சந்தனக் கன்று தானாக முளைக்கும். குருவி பழத்தைத் தின்றுவிட்டு வேலியில் உட்கார்ந்து எச்சமிட்டால் போதும். முழங்கால் உயரம் வருமுன் தாத்தா பார்த்துவிடுவார். சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேரோடு பிடுங்கி, ஒடித்து, மாட்டுக் கொட்டகைக் குப்பையில் செருகிவிடுவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “சர்க்காரு புள்ளைய நாம எதுக்குடா வளக்கணும்?” என்றார்.

திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரசு மரமென்று அறிவித்தார் என்பார்கள். அதே வருஷம்தான் எங்கள் பாராமகால் சீமை அவர் கையை விட்டுக் கும்பினி கைக்குப் போனது. சுல்தான் போனார், கும்பினி போனது, வெள்ளைக்காரனும் போனான். சந்தனம் மட்டும் சர்க்காரிடமே இருந்தது. பட்டா நிலத்தில் முளைத்தாலும் உடையவன் இஷ்டப்படி வெட்ட முடியாது, விற்க முடியாது. திருடுபோனால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். யார் வளர்ப்பார்கள்? நாட்டில் மரம் அற்றுப்போய்க் காட்டில் மட்டும் மிஞ்சியது. விலை ஏற ஏற, காடு தெரிந்தவன் கை ஓங்கியது.

அந்தக் கை கோபிநத்தத்திலிருந்து வந்தது. தந்தத்தில் தொடங்கிச் சந்தனத்துக்கு வந்த வீரப்பன். அவனா, அவரா? எங்கள் பக்கம் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். ஸ்ரீநிவாஸ் என்ற வன அதிகாரி ஞாபகத்துக்கு வருவதால். கோபிநத்தத்திலேயே தங்கி, ஊர்க்காரர்களுக்கு மாரியம்மன் கோயில் எழுப்ப உதவி, சரணடையச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். சரணடைகிறேன், தனியாக வா என்று வரவழைத்து 1991 நவம்பர் 10-ஆம் தேதி தலையை வெட்டினான். கோயில் இன்னும் இருக்கிறது.

அதே 1991 ஏப்ரலில்தான் ‘கேப்டன் பிரபாகரன்’ வந்திருந்தது. விஜயகாந்துக்கு நூறாவது படம். வீரப்பனை நினைவூட்டும் வேஷத்தில் மன்சூர் அலிகான். சினிமா கதையை முடித்துவிட்டது, நிஜ ஆள் அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் இருந்தான். பம்பாய் தாதா வரதராஜ முதலியார் விஷயம் தலைகீழ். அவரை மனதில் வைத்து எடுத்த ‘நாயகன்’ 1987 தீபாவளிக்கு வந்தது, 1988 ஜனவரி பிறந்ததும் அவர் சென்னையில் இறந்துபோனார்.

2004 அக்டோபர் 18, திங்கட்கிழமை ராத்திரி. பாப்பாரப்பட்டி எங்களுக்குப் பக்கத்தூர். அதுவரை அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சுப்பிரமணிய சிவாதான். 1925-இல் அவர் கண்மூடிய இடம். அந்த ராத்திரிக்குப் பிறகு பெயர் வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. கண் பார்வை மங்கியதற்கு வைத்தியம் பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொல்லி வீரப்பனை ஓர் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஓட்டியவரே போலீஸ்காரர். பாடி கிராமத்தருகே விஜயகுமார் தலைமையில் அதிரடிப்படை காத்திருந்தது. வண்டிக்குள் அவனோடு சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேதுமணி. நாலு பேரும் முடிந்தார்கள்.

மறுநாள் காலை பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போகிற பஸ் எதிலும் கால்வைக்க இடமில்லை. நானும் தொற்றிக்கொண்டுதான் போனேன், மறைப்பானேன். அரசு ஆஸ்பத்திரி வாசலில் தலை தலையாகக் கூட்டம். மதில்மேல் ஏறியவர்கள், மரத்தில் ஏறியவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள், சந்து கிடைத்த இடத்தில் சுண்டல் விற்றவர். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் எக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி, ஏமாந்தவர் மாதிரி சொன்னார்: “மீசையக் காணோமே!”

படத்தில் பார்த்துப் பழகிய கொடுவாள் மீசை இல்லை. நறுக்கிவிட்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒட்டிப்போன ஒரு மனிதன், அவ்வளவுதான். பெரியவர் சொன்னது கூட்டத்தில் வாய்க்கு வாய் தாவிப் பின்னால் போனது. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவதற்குள் “அது அவரே இல்லையாம்” என்று மாறியிருந்தது.

அமெரிக்கர்களும் இதில் சளைத்தவர்களில்லை. 1934-இல் ஜான் டில்லிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளைக்காரனைச் சிகாகோவில் சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும்போது சுட்டார்கள். தெருவில் கிடந்த ரத்தத்தில் ஜனங்கள் கைக்குட்டையைத் தோய்த்து எடுத்துப் போனார்களாம். இறந்தது அவனில்லை என்ற பேச்சும் அங்கே கிளம்பியது. அதே வருஷம் போனி, கிளைட் ஜோடி சாகும்போது ஓட்டிவந்த ஃபோர்டு காரை, தோட்டா ஓட்டைகளோடு இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

மீசை, கார், கைக்குட்டை. இதெல்லாம் நோட்டில் சுலபமாக ஏறிவிடும். மருமகன் நோட்டில் வீரப்பனுக்கும் ஒரு பக்கம் இருந்தது. கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி வைத்திருந்த நாட்கள் 108, சரி. பாலாறு கண்ணிவெடி 1993 ஏப்ரல், இறந்தவர்கள் 22 பேர், சரி. பக்கத்தைத் திருப்பினேன். அப்புறம் இந்தியாவின் ஆறுகள் வந்துவிட்டன.

“வாச்சாத்தி எங்கடா?”

“அது வேற சப்ஜெக்ட் மாமா.”

வேறா? அரூர் தாலுகா, சித்தேரி மலையடி. நம் மாவட்டம்தான். 1992 ஜூன் 20-ஆம் தேதி, பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் போனார்கள். மலைவாழ் மக்களை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். கேஸ் இழுத்த இழுப்பில் 54 பேர் செத்தே போனார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி கோர்ட் சொன்னது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கபோனை வரிக் கணக்கில் மாட்டவைக்க நாலைந்து வருஷம் பிடித்தது. இங்கே ஊர்க்காரப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் யூனிஃபார்ம்காரர்களை நேருக்கு நேர் பார்த்துக் கைகாட்டி, கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கி, மகள்களும் பேத்திகளும் வளர்ந்த பிறகுதான் முடிந்தது. தலைமயிர் வெளுத்தது போக அவர்களிடம் எடுத்துக்காட்ட மீசையோ காரோ இல்லை.

மருமகன் 269, 215 இரண்டையும் எழுதிக்கொண்டான். “இதெல்லாம் கேப்பாங்களா மாமா?” என்றான். தெரியாதுடா என்றேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

தமிழ்நாட்டில் 2002-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பட்டா நிலத்துச் சந்தனம் இப்போது நிலத்துக்காரனுக்கு. மூன்று வருஷத்துக்கு முன் நர்சரியிலிருந்து பன்னிரண்டு கன்று வாங்கிக் கிணற்று மேட்டில் வைத்தேன். சந்தனம் தனியாக நின்று பிழைக்காது, பக்கத்துச் செடி வேரைக் கடித்து உறிஞ்சித்தான் வளரும். அதற்காக ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் துவரை போட்டிருக்கிறேன். ஒன்பது பிழைத்தது. தோள் உயரம் வந்துவிட்டது.

தாத்தாவோடு கவலை ஓட்டிய பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருவர் மிச்சமிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்பதையும் விரல் நீட்டி எண்ணினார். பிறகு கேட்டார்: “ஏம்ப்பா, ராத்திரிக்கு யாரு காவலு?”