பொன்னுருக்குக்கு மட்டும் பத்தர்

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணங்களில் பொன்னுருக்கு எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் பிள்ளையாரும் நிறைகுடமும் வைத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு தங்கக் காசைப் பத்தரிடம் கொடுப்பார்கள். அவர் நெருப்பை ஊதி உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டுவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்ய வேண்டும் என்பது முறை. சபை பார்த்த பொன், சபைக்குத் தெரிந்த ஒருவரின் கையால் தாலியாகிறது. சடங்கின் அர்த்தம் அவ்வளவுதான்.

இப்ப என்ன நடக்குது? கன வீடுகளில் பத்தர் வர முதலே தாலியும் கொடியும் கடைப் பெட்டிக்குள்ள தயாராக இருக்கு. கஸ்தூரியார் வீதியில வாங்கினது, கொழும்புச் செட்டியார் தெருவில வாங்கினது, இல்லாட்டி வெளிநாட்டுச் சொந்தம் கொண்டுவந்தது. பத்தர் உருக்குவது கமராவுக்காக. உருக்கின பொன்னுக்கும் கட்டப்போகிற தாலிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொழிலைக் கைவிட்டுவிட்டு, தொழிலாளியை மட்டும் ஒரு மணித்தியாலம் நடிக்கக் கூப்பிடுறம். இதுக்குப் பேர் மரபா?

மரபு என்று சொல்லுகிறவர்கள் அடுத்ததாகப் பேசுவது நிறையைப் பற்றித்தான். கொடி ஒன்பதா, பதினொன்றா, இருபத்தொன்றா? ஒற்றைப்படையாக இருக்கவேணுமாம். அந்தப் 'பவுண்' எங்கட சொல்லே இல்லை. 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான, 22 கரட் பிரித்தானியத் தங்கக் காசிலிருந்து வந்த கணக்கு அது. மரபின் பெருமையை வெள்ளைக்காரன் காசால் நிறுத்துக்கொண்டு, அதைச் செய்த கையை மறந்துபோறம். பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டின பிறகும் நிறையைக் குறைக்க மனம் வராதவர்கள், செய்கூலி என்றதும் பேரம் பேசத் தொடங்குவினம். உலோகத்துக்கு மரியாதை, உழைப்புக்குக் கழிவு.

தாலி ஒவ்வொரு நாளும் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிற பொருள் என்றும் சொல்லுறம். பதினைந்து பவுண் கொடியை எந்தப் பெண் சமைக்கேக்க போடுவா? பஸ்ஸில போகேக்க போடுவா? அது அலுமாரிக்குப் போகும், வங்கிப் பெட்டகத்துக்குப் போகும், கஷ்டம் வந்தால் அடகுக்குப் போகும். கழுத்தில் கிடப்பது மெல்லிய சங்கிலிதான். அதாவது ஒரு நாள் காட்சிக்கு ஒரு நகை, வாழ்நாள் முழுக்க வேறொரு நகை. பழைய பத்தர் செய்தது இந்த இரண்டாவதுக்கான வேலை. கழுத்தின் அளவு பார்ப்பார், தேய்ந்த வளையத்தை மாற்றுவார், பூட்டு இறுகினால் சரிசெய்வார், விட்ட இடத்தைப் பற்றவைப்பார். உண்மையான அன்றாடச் சடங்கு அந்தப் பட்டறையில்தான் இருந்தது.

"இப்ப பொடியள் இந்தத் தொழிலுக்கு வாறேல்ல, நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்பார்கள். ஏன் வரவேணும்? வருசத்தில் சில முகூர்த்த நாட்களுக்கு நெருப்பூதி, தட்சணை வாங்கிக்கொண்டு போறதுக்கா? வேலை கொடுத்தால் ஆள் வரும். வார்ப்பு மெசின் செய்கிற கொடி மலிவு, ஒழுங்கு, உண்மைதான். மெசினோடு எனக்குச் சண்டை இல்லை. மெசின் நகையைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, கைநகையின் சடங்கை ஆடிக்காட்டுவதோடுதான் சண்டை.

ஆகவே கலியாணம் கட்டப்போகிற எங்கட வயதுக்காரருக்குச் சொல்லுறன். கொடியை எங்க வேணுமெண்டாலும் வாங்குங்கோ, வாங்காமலும் விடுங்கோ. தாலியையாவது உருக்கின பொன்னில, உருக்கின ஆளிட்டயே செய்விச்சு, கேட்ட கூலியைக் குடுங்கோ. அழைப்பிதழில் இரண்டு பக்கத்துப் பேரன் பேத்தி பெயரெல்லாம் அடிக்கிறியள். தாலி செய்தவரின் பெயருக்கும் ஒரு வரி விடுங்கோ. இது ஏலாதெண்டால் பொன்னுருக்கையே விட்டுவிடலாம். பொய்யாக மூட்டுகிற நெருப்பைவிட மூட்டாத அடுப்பு நேர்மையானது.