வறண்ட தோலும் வீட்டு எண்ணெய்க் கிண்ணமும்

பனிக்காலம் வந்துவிட்டால் தோல் வறட்சியைப் பற்றிய பேச்சும் வீடுகளில் தொடங்கிவிடும். தேங்காய் எண்ணெயே போதும் என்பார் பாட்டி. மருந்துக் கடையில் நல்ல களிம்பாக வாங்கலாம் என்பான் பேரன். இயற்கையா, செயற்கையா என்ற இந்த வழக்கு முடிவதற்குள் காலில் வெடிப்பு ஆழமாகிவிடும். பூசும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது தோலில் என்ன செய்கிறது, எப்போது பூசப்படுகிறது, யாருக்குப் பூசப்படுகிறது என்பவையே முதன்மையானவை என்பது என் கருத்து.

நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கற்சுவராக எண்ணிக்கொள்ளலாம். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து ஆவியாகிவிடுகிறது. அதுவே வறட்சி. முதுமையில் இந்தச் சாந்து இயல்பாகவே குறைகிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், காரத்தன்மை மிகுந்த சோப்பும் எஞ்சியிருப்பதையும் கரைத்துவிடுகின்றன. கடலை மாவும் பயற்றம் மாவும் இயற்கையானவைதாம். ஆயினும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி எடுப்பதே அவற்றின் வேலை. வறண்ட தோலுக்கு அவற்றை நாள்தோறும் தேய்ப்பது பொருத்தமன்று.

எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. தோலில் உள்ள நீர் வெளியேறாமல் காக்கிறது. ஆகவே அதைப் பூசும் நேரம் மிகவும் இன்றியமையாதது. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பது நம் வழக்கம். அதில் பூசிய எண்ணெயின் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது. வறட்சி தீர வேண்டுமானால் வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் எண்ணெயையோ களிம்பையோ மெல்லப் பூசுவதே சரியான முறை.

எதைப் பூசுவது? பிலிப்பைன்ஸில் தோல் வறட்சியுள்ள 34 பேரிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெயும் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் கனிம எண்ணெயும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தந்தன. பாட்டியும் பேரனும் சண்டையிடத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே வேளையில் எல்லாத் தாவர எண்ணெய்களும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பு அடுக்கைத் தளர்த்தியது; சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. விலை உயர்ந்தது என்பதும் இயற்கையானது என்பதும் நல்லது என்பதற்கு உறுதியாகா. பொருள்களின் பட்டியல் இல்லாமல் 'மூலிகை' என்ற பெயரில் மட்டும் விற்கப்படும் களிம்புகளை வாங்காதிருப்பதே நன்று. அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்படுவதுண்டு. முதலில் பளிச்சென்று குணம் தெரியும். நாளடைவில் தோல் மெலிந்துவிடும்.

உணவுக்கும் இதில் பங்குண்டு. கொழுப்பே இல்லாத உணவைத் தின்ற எலிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்ததை, அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் 1929-இல் எடுத்துக்காட்டினர். நம் உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பு அமிலங்கள் உணவிலிருந்தே வர வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று கேட்டவுடன் சமையலில் எண்ணெயை அறவே நிறுத்திவிடுவோர் இதைக் கருத வேண்டும். அளவான நல்லெண்ணெய், ஒரு பிடி வேர்க்கடலை, மீன் உண்போருக்கு மத்தி, இவற்றோடு முருங்கைக்கீரை, பப்பாளி ஆகியவை போதும். அதற்கு மேல் விலை கொடுத்து வாங்க வேண்டிய அற்புத உணவு எதுவுமில்லை.

தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் தோல் மினுமினுக்கும் என்பது மிகையான நம்பிக்கை. உடலில் நீர் குறைந்தவருக்கே அது உதவும். சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் மருத்துவர் வரையறுத்த அளவைத் தோலுக்காக மீறுவது ஆபத்து.

நீரிழிவு உள்ளவர்களின் கால்களைத் தனியே சொல்ல வேண்டும். நரம்புகள் பழுதுபடும்போது பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது, வலியும் தெரிவதில்லை. அந்த வெடிப்பே கிருமிகளுக்கு வாசலாகி, ஆறாத புண் வரை கொண்டுபோய்விடும். இத்தகையவரின் பாதத்தில் எலுமிச்சை, உப்பு, பூண்டு ஆகியவற்றைத் தேய்க்க வேண்டாம். தடித்த தோலை பிளேடால் சீவ வேண்டாம். கால் கழுவும் நீரின் சூட்டை நோயாளியின் பாதம் அறியாது. பராமரிப்பவர் தம் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளில் எண்ணெய் தங்கினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை வளரும். அவ்விடத்தை உலர்வாக வையுங்கள். எண்ணெய் பூசிய காலோடு முதியவர்களை நடக்க விடாதீர்கள், தரை வழுக்கும். இரவில் படுக்கையில் அமர்த்திப் பூசுவது பாதுகாப்பானது.

எண்ணெய் தடவும் கை, பார்க்கும் கண்ணோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். குதிகால், உள்ளங்கால், விரல் நுனிகள் என ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் நாள்தோறும் பாருங்கள். வெடிப்பில் இரத்தம், சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு ஆகியவற்றுள் எது கண்டாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே காலை மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தில் மட்டுமன்றி உடல் முழுதும் புதிதாக வறட்சியும் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும் தோன்றினால், அது தைராய்டு குறைவின் அல்லது சிறுநீரகக் கோளாற்றின் அடையாளமாகவும் இருக்கலாம். எண்ணெயோடு நிறுத்திவிட வேண்டாம்.

எண்ணெய்க் கிண்ணத்தை வீட்டிலிருந்து அகற்றச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அதைக் குளியலறையிலிருந்து படுக்கையருகே மாற்றி, பக்கத்தில் ஒரு நல்ல விளக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.