பட்டியலில் இல்லாத பயணிகள்

1787 மே 13-ந் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. போனவர்கள் எல்லோரும் கைதிகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். காவலுக்குச் சென்ற கடற்படைச் சிப்பாய்களின் மனைவி மக்களும் அவற்றில் இருந்தார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். துணி திருடியவளுக்குக் கோர்ட் ரிக்கார்டு உண்டு. பெயர், ஊர், தண்டனைக் காலம் எல்லாம் கிடைக்கும். ஒரு தப்பும் செய்யாதவளோ பல இடங்களில் வெறும் ‘இன்னார் மனைவி’தான். குழந்தைகள் வெறும் எண்ணிக்கை.

கைதிப் பட்டியலைப் புரட்டிவிட்டு, பாட்டி கப்பலிலேயே வரவில்லை என்று வம்சாவளி தேடுவோர் முடிவு கட்டுவது சரியல்ல. ரேஷன் கணக்கைப் பார்க்க வேண்டும். சர்க்கார் சோறு போட்டால் கணக்கு எழுதித்தானே ஆகவேண்டும்? ரிஜிஸ்தர் எழுதும் குமாஸ்தாக்களுக்கு இது தெரியாததல்ல. அடுத்து, பாதிரியார் ரிச்சர்டு ஜான்சன் காலத்து ஞானஸ்நானப் பதிவுகள். (அவர் மனைவி மேரியும் அதே பயணத்தில் வந்தவர்தான்.)

எல்லாவற்றிலும் மேலானது 1828-ல் நியூ சவுத் வேல்ஸில் எடுத்த குடிக்கணக்கு. எந்தக் கப்பல், எந்த ஆண்டு, கைதியாக வந்தாரா, சுதந்திரமாக வந்தாரா என்றெல்லாம் அதில் எழுதினார்கள். கைக்குழந்தையாக வந்து இறங்கியவர், நாற்பது வயதில் அங்கே தம் சொந்தப் பெயரோடு அகப்படுகிறார்.