வரைந்தவர் பெயர் என்ன?

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. சிறு வயது முதல் நான் சேர்த்த தீப்பெட்டி லேபிள்கள் அதற்குள் இருக்கின்றன. "இந்தக் குப்பையை எப்போது தூக்கி எறியப் போகிறீர்கள்?" என்று வருஷா வருஷம் போகிப் பண்டிகையன்று என் மனைவி கேட்பாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நானும் தவணை சொல்லி வருகிறேன்.

சென்ற மாதம் என் அக்காள் மகன் வந்திருந்தான். ஆமதாபாத்தில் டிசைன் படிக்கிற பையன். டப்பாவைத் திறந்தவன் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கொடுத்த காப்பி ஆறிப் போயிற்று. "மாமா! இந்தத் துண்டுக் காகிதத்தில், மூன்றே வர்ணத்தில், புலியை உறும வைத்துவிட்டாரே! இதை வரைந்தது யார்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொழிற்சாலையின் பெயர் இருந்தது. ஊரின் பெயர் இருந்தது. பெட்டிக்குள் எத்தனை குச்சி என்ற கணக்குக்கூட இருந்தது. வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை.

அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாசகர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு பலருக்குத் தெரியும். தொழில் பெருகியது; லேபிள் அச்சடிக்க அச்சகங்களும் பெருகின. எழுத்தறியாதவரும் கடையில் "மயில் பெட்டி கொடு", "சாவி பெட்டி கொடு" என்று கேட்டு வாங்க வேண்டுமே! அதற்காகப் பிறந்த சித்திரங்கள் அவை. 2021 டிசம்பரில்தான் ஒரு பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆயிற்று. இவ்வளவு மலிவாக ஏழை பணக்காரன் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்த சித்திரம் உலகில் வேறு எது? ஆனால் நாம் குச்சியைக் கிழித்தோம், பெட்டியை எறிந்தோம்.

பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்தவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச் சீலை எழுதிப் பிழைத்தவர். பிறகு சிவகாசி அச்சகங்கள் வழியாக அவருடைய லட்சுமியும் முருகனும் காலண்டர்களாகி, தமிழ்நாட்டின் பூஜை அறைகளிலெல்லாம் குடியேறினார்கள். நம் பாட்டிமார் மனத்தில் தெய்வத்துக்கு முகம் கொடுத்தவர் அவர் என்றால் மிகையில்லை. இன்று ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடி எழுதுகிறார்கள். காரணம், படத்தின் மூலையில் அவர் போட்ட கையெழுத்து! அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவரும் என் டப்பாவிலுள்ள புலிக்காரரைப் போலப் பெயரற்றுப் போயிருப்பார் அல்லவா?

சினிமா பேனர் எழுதியவர்களின் கதை இன்னும் பரிதாபம். ஒரு சிறு புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதையே துணியில் பெருக்கி, அண்ணா சாலையில் மாடி உயரத்துக்கு எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் எழுப்பியவர்கள் அவர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கன்னத்தில் பச்சையும் நெற்றியில் ஊதாவும் அப்பியிருக்கும். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் முகம் ஜொலிக்கும்! எவ்வளவு பெரிய வித்தை! கம்ப்யூட்டரும் பிளெக்ஸும் வந்தன. ஒரே இரவில் நூறு பேனர் அச்சாயிற்று. தூரிகை பிடித்தவர்கள் வேறு பிழைப்புத் தேடினார்கள்.

"பேனர் ஒழிந்தது நல்லதுதானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து விழுந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வழியை மறிக்கும் பேனருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆபத்து, அதை நட்ட விதத்தில் இருந்ததே தவிர, தூரிகையில் இல்லை. சுவரில் தீட்டிய சித்திரம் யார் தலையிலும் விழாது!

இதைச் சென்னை மாநகராட்சியே உணர்ந்தது. 2009-ல் அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடுக்கச் சித்திரம் தீட்டச் சொன்னபோது, பழைய பேனர் கலைஞர்கள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. பிறகு 2020-ல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் எழுந்தன. 2021-ல் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில், கத்ரா என்ற இரு கலைஞர்கள் சாதாரண மனிதர்களின் முகங்களைத் தீட்டினார்கள். அவர்களில் சிலர் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள். யார் என்று சொல்லவில்லை. பார்த்தால் தெரிகிறதா? தெரியாது. அதுதான் சங்கதி. ஆயிரம் பிரசங்கம் செய்ய முடியாததை அந்தச் சுவர் செய்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் கண்ணகி நகரில் வாழ்கிறார்கள். சுவருக்கு வர்ணம் பூசினால், அவர்களுக்கு நல்ல தண்ணீரும் பக்கத்திலேயே வேலையும் கொடுக்க வேண்டிய கடமை தீர்ந்துவிடாது. சித்திரம் வாழ்க்கைக்கு அழகு. வாழ்க்கைக்குப் பதில் அல்ல.

சங்கீதத்திலும் இதே கதைதான். வடசென்னையின் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பிறந்த கானாவைக் கேட்டு, "இது என்ன பாட்டு?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சினிமாவில் வந்தபோது தாளம் போட்டவர்களும் அவர்களே! 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவைச் சென்னையில் மேடையேற்றினார்கள். அன்று கானாப் பாடகர்கள் தங்கள் சொந்தப் பெயரோடு சபை முன் நின்றார்கள். பெயரோடு நிற்பதுதான் கௌரவம்.

என் வேண்டுகோள் மூன்றே மூன்று. சுவரில் சித்திரம் தீட்டச் செய்யும் எந்த அமைப்பும் வரைந்தவர் பெயரைக் கீழே எழுத இடம் கொடுக்கட்டும். கடை வைப்பவர்கள் பத்துப் பலகையில் ஒன்றையாவது தூரிகைக்காரரிடம் கொடுக்கட்டும். நம் அருங்காட்சியகங்கள் வெண்கலச் சிலையோடு தீப்பெட்டி லேபிளுக்கும் காலண்டருக்கும் ஓர் அலமாரி ஒதுக்கட்டும். நாம் போற்றாததை வெளிநாட்டார் வந்து போற்றிய பிறகு கைதட்டுவது நமக்குப் பெருமை அல்ல.

போன வாரம் எங்கள் தெரு முனைக் காப்பிக் கடைக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பக்கத்தில் போய் நின்று, "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்றேன். ஏதோ புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னமோ, திகைத்துப் போனார். பிறகு, "நாற்பது வருஷமா எழுதறேன் சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார்.

கடைக்காரரிடம் பேசி அனுமதி வாங்கினேன். பூசணிக்காய் அளவு எழுத்தில் பிறர் பெயரை எழுதியே பழகியவர், பலகையின் மூலையில் கடுகளவு எழுத்தில் தம் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, இறங்கி வந்து, எதிர்ப்புறம் போய் நின்று, வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.