20 பிளஸ் வயசுல தீராத இடுப்பு வலி, கால் குடைச்சல்: ஸ்கேன், ஓய்வு, பெல்ட்... எது உதவும், எது உதவாது?

"இந்த வயசுல உனக்கு என்ன இடுப்பு வலி?"

25 வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்புவதில்லை. வீட்டில் இப்படி என்றால், ஆபீஸில் "போன வாரம்தானே லீவு எடுத்தீங்க?" என்பார்கள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைக் காட்டலாம். கை உடைந்தால் கட்டு இருக்கும். இடுப்பில் தொடங்கி தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும் வலியை எதில் காட்டுவது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகம் முழுவதும் 61.9 கோடி பேருக்கு கீழ்முதுகு வலி இருந்தது. 2050-க்குள் இது 84.3 கோடியாகும் என்கிறது அந்த அமைப்பு. மனிதர்களை அதிகம் முடக்கிப்போடும் உடல்நலப் பிரச்சனைகளில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். வயதானவர்களுக்கு அதிகம் வரும் என்பது உண்மை. ஆனால், இளம் வயதில் வரும்போது கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. யாரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும், முதலில் சொல்லும் இரண்டு யோசனைகள் "ஒரு ஸ்கேன் எடுத்துடு", "கொஞ்ச நாள் படுத்து ரெஸ்ட் எடு" என்பவைதான். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுமே தேவைப்படாதவை என்பதுதான் மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

இடுப்பில் பிரச்சனை, காலில் ஏன் வலிக்கிறது?

முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வைத்தான் டிஸ்க் என்கிறோம். வெளியே கெட்டியான வளையம், உள்ளே ஜெல்லி போன்ற பகுதி. வெளி வளையம் பலவீனமாகி உள்ளே இருப்பது பிதுங்கினால், பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரை அழுத்தும், எரிச்சலூட்டும். அந்த வேர்கள் சேர்ந்துதான் உடலிலேயே தடிமனான, நீளமான சயாட்டிக் நரம்பாக இடுப்பிலிருந்து காலுக்குப் போகிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க, கத்தல் காலில் கேட்கிறது.

எந்த இடத்தில் வலிக்கிறது என்பதே ஒரு துப்பு. எல்4-எல்5 டிஸ்க் என்றால் பொதுவாகக் காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம், பெருவிரல் வரை போகும். எல்5-எஸ்1 என்றால் கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். குதிகாலை ஊன்றி நடக்கச் சொல்லியும், முன்பாதத்தில் நடக்கச் சொல்லியும் மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான். ஐந்து நிமிடம் ஆகும் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே நேராக ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தால், "டாக்டர், காலை ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. பிதுங்கிய ஜவ்வை உடல் தானே கரைத்துக்கொள்ளும். சொன்னால் வியப்பாக இருக்கும், பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுகள்தான் பல நேரம் நன்றாகக் கரைகின்றன. காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

"டிஸ்க் பல்ஜ் இருக்கு, தேய்மானம் இருக்கு" என்று ரிப்போர்ட்டில் வந்தவுடன் பலருக்கும் வாழ்க்கையே முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. இங்கேதான் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும், 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருப்பதாகத் தெரியவந்தது. வலி எதுவும் இல்லாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தால், மூன்று பேருக்கு இதே ரிப்போர்ட் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஸ்கேனே வேண்டாமா? அப்படி இல்லை. சில வாரங்கள் ஆகியும் கால் வலி குறையவில்லை, ஊசியோ அறுவை சிகிச்சையோ யோசிக்க வேண்டியிருக்கிறது, அல்லது கீழே சொல்லப்போகும் ஆபத்து அறிகுறிகள் இருக்கின்றன என்றால் எம்ஆர்ஐ அவசியம். படத்தில் தெரியும் இடமும் காலில் வலிக்கும் இடமும் பொருந்தினால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம்.

படுத்துக்கிட்டா சரியாயிடுமா?

வலி உச்சத்தில் இருக்கும்போது ஒன்றிரண்டு நாள் படுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் படுக்கை உதவுவதில்லை. தசை பலவீனமாகும், முதுகு இன்னும் இறுகும், "குனிந்தால் போச்சு" என்ற பயம் மனதில் ஏறிவிடும். இந்தப் பயம்தான் மூன்று மாத வலியை மூன்று வருட வலியாக மாற்றும் காரணங்களில் முக்கியமானது.

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. காரணம் இன்னது என்று குறிப்பாகச் சுட்ட முடியாத வலிக்கானது அது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான புரிதலைத் தருவது, சில கைவழி சிகிச்சைகள், மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் சாதாரண வலி நிவாரணிகள் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், ஓபியாய்டு வகை மாத்திரைகள் ஆகிய மூன்றும் வேண்டாம் என்கிறது. நம்மூரில் இடுப்பு வலி என்று சொன்னவுடன் முதலில் கைக்கு வருவது பெல்ட்தான்!

இன்னொரு பக்கம், காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி வலிக்குப் பரவலாக எழுதித் தரப்படும் ப்ரீகாபலின் மாத்திரை. சயாட்டிகாவுக்கு இது வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை, தலைச்சுற்றல்தான் அதிகம் என்று 2017-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. பைக் ஓட்டிப் பிழைப்பவருக்குத் தலைச்சுற்றல் என்பது சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டிய மாத்திரை அது.

சரி, எதுதான் வேலை செய்யும்? கேட்டால் ஏமாற்றமாக இருக்கும் அளவுக்கு எளிய பதில்: நடை. அடிக்கடி முதுகு வலி வந்து குணமான 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலுடன் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர சராசரியாக 208 நாட்கள் ஆனது. எதுவும் செய்யாத குழுவுக்கு 112 நாட்கள். இலக்கு வாரத்துக்கு ஐந்து முறை, அரை மணி நேரம். அவ்வளவுதான்.

நடைமுறையில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். வலி குறைந்த நாளில் வீடு கழுவி, துணி துவைத்து, கிரிக்கெட்டும் ஆடிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு நடப்பதும், வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுவதும்தான் பலன் தரும். நடக்கும்போது லேசாக வலித்தால் உள்ளே எதுவோ கிழிகிறது என்று அர்த்தம் இல்லை. நரம்பு இன்னும் கோபமாக இருக்கிறது, அவ்வளவே. ஆனால் வலி பாதம் வரை கீழே இறங்கிக்கொண்டே போனாலோ, மரத்துப்போவது கூடினாலோ வேகத்தைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இளைஞர்களிடம் தவறவிடப்படும் இன்னொரு வலி

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். காலையில் எழுந்தால் முதுகு பலகை மாதிரி இறுகியிருக்கிறது, சரியாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது, பிட்டத்தில் வலி இடது வலது என மாறி மாறி வருகிறது... இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது ஜவ்வுப் பிரச்சனையாக இல்லாமல், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் வகை இது. பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். கண் சிவந்து வலிப்பது, குதிகால் வலி, சோரியாசிஸ் போன்றவையும் கூட வரலாம்.

தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் எதுவும் தெரியாது என்பதால் "ஒண்ணும் இல்ல, தசைப்பிடிப்பு" என்று அனுப்பப்பட்டு, பெயர் தெரிவதற்கே பல ஆண்டுகளை இழப்பவர்கள் இருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பு ஒன்றோடொன்று ஒட்டி வளையாமல் போகக்கூடும். இதற்கு அணுக வேண்டியது ருமட்டாலஜி எனும் மூட்டு அழற்சி நோய்ப் பிரிவை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அந்தத் துறை இருக்கிறது.

மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை ஆகியவற்றோடு முதுகு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயையும் நம் நாட்டில் சந்தேகிக்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலை எது?

சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு காலிலும் வலியும் பலவீனமும், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்று விடும் சில மணி நேரம் நிரந்தர பாதிப்பாகிவிடலாம்.

அவசரம் இல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சை பற்றி ஒரு ஆய்வு போதும். நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா இருந்த 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே அறுவை சிகிச்சை, மீதிப் பேருக்குக் காத்திருந்து பார்க்கும் முறை. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆக, எவ்வளவு நாள் தாங்க முடியும், வேலை பொறுக்குமா என்பதை வைத்து நோயாளியும் மருத்துவரும் எடுக்க வேண்டிய முடிவு இது.

வேலை விடுமா?

மேலே சொன்ன "நடங்க, இடையிடையே எழுந்திருங்க, ஒரே நிலையில் இருக்காதீங்க" எல்லாம் யாருக்குச் சாத்தியம்? துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் 22 வயதுப் பெண்ணுக்கு எழுந்து நடப்பதல்ல, உட்காருவதுதான் கேள்வி.

தமிழக அரசு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. கேரளா 2018-லேயே இதைச் செய்திருந்தது. தொழிற்சாலைகளுக்கு இதேபோன்ற விதி 1948-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. கடை ஊழியர்களுக்கு வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது! ஆனால், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ளத்தான் சட்டம் இருக்கை கேட்கிறது. அந்த வாய்ப்பு எப்போது என்று முடிவு செய்வது யார்? வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கும் கடையில், நாற்காலி ஓரமாக இருந்து என்ன பயன்?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். இதற்கு அந்தப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பலருக்கும் தெரியாத இன்னொன்று, நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட பலன் பட்டியலில் டிஸ்க் பிதுக்கமும் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்கு அது 80 சதவீதம். சம்பளம் பிடிக்கிறார்களே என்று நொந்துகொள்பவர்கள், பிடித்ததற்கு என்ன கிடைக்கும் என்று ஹெச்ஆரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 21 வகைகள் உள்ளன. நாள்பட்ட முதுகு வலி அதில் இல்லை. அதனால் ஐடி கம்பெனியிலோ கால் சென்டரிலோ இருப்பவர், உயரத்தை மாற்றும் மேசையையும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருக்கும் சலுகையையும் உரிமையாகக் கேட்க வழி குறைவு. மருத்துவரிடம் "ரெஸ்ட் தேவை" என்று பொதுவாக எழுதி வாங்குவதைவிட, எவ்வளவு எடை தூக்கலாம், எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்காரலாம், எத்தனை வாரத்துக்கு என்று எண்களோடு எழுதி வாங்கினால் மேலாளர் மறுப்பது கடினம்.

உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட மேலாளரே கிடையாது. அவர் ஆப்பை அணைத்தால் அன்றைய வருமானம் பூஜ்யம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவரைப் போன்றவர்களை முதன்முறையாகத் தொழிலாளர் கணக்கில் சேர்த்திருக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை அவர்களின் நலனுக்காகத் தர வேண்டும் என்கிறது. அந்தப் பணத்திலிருந்து, பாதம் மரத்துப்போய் இரண்டு வாரம் வண்டி ஓட்ட முடியாதவருக்குத் தினசரி எவ்வளவு கைக்கு வரும் என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.